மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பாடத் தேர்வுப் படிவம் கைக்கு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "நீ என்ன ஆகப் போகிறாய்?" என்பதுதான். பதினைந்து வயதில் இதற்கு உறுதியாகப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. தெரியாதவர்கள் கேட்டவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதிலுக்குப் பொருத்தமான பாடங்கள் படிவத்தில் ஏறிவிடுகின்றன. பல வருடங்களாக அறிவியல் வகுப்பு எடுக்கும் எனக்கு, அப்படி ஏறிய பாடத்தோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டும் பிள்ளைகளைப் பார்ப்பது இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

என்னிடம் வரும் மாணவர்களிடம் நான் வேறு ஒன்றைக் கேட்கிறேன். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலை, பரீட்சை எதுவும் பக்கத்தில் இல்லாதபோது, இந்தப் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு நீ என்ன செய்துகொண்டிருப்பாய்? அந்த வேலையைச் செய்ய உனக்கு மனம் வருமா? இதற்குப் பதில் தேடிக்கொண்டால் படிவத்தை நிரப்புவதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு கணிதத்தையும் கல்லூரிகளின் நிபந்தனைகளையும் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகப் போவோம்.

படி 1: உங்கள் பள்ளியில் எப்படித் தேர்வு செய்ய வைக்கிறார்கள் என்று பாருங்கள்

எல்லா இடத்திலும் ஒரே முறை கிடையாது. இங்கிலாந்தின் ஏ-லெவல் முறையில் பெரும்பாலானவர்கள் மூன்றே மூன்று பாடங்களை எடுத்து ஆழமாகப் படிக்கிறார்கள். பல நாடுகளில் நடத்தப்படும் ஐ.பி. டிப்ளமோ என்ற சர்வதேசப் படிப்பில் ஆறு பாடங்கள். அவற்றில் வழக்கமாக மூன்றை உயர்நிலையிலும் மூன்றைப் பொது நிலையிலும் படிக்க வேண்டும். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் ஒரு வருடத்துக்கு ஓர் அறிவியல் என்று வரிசையாக வரும். இந்தியாவில் பெரும்பாலும் பாடங்களைத் தொகுப்பாகக் கட்டித் தருகிறார்கள். ஒன்றைத் தொட்டால் மற்றவையும் கூடவே வரும்.

இதனால் தவறின் விலையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. வருடத்துக்கு ஒரு பாடம் என்றால், பிடிக்காதது ஒரு வருடத்தில் முடிந்துவிடும். தொகுப்பு என்றால் இரண்டு வருடமும் அதுதான். எனவே பள்ளியில் முதலில் கேட்க வேண்டியவை: பாடத்தை மாற்ற முடியுமா, எந்தத் தேதி வரை? இந்தப் பாடத்தில் சேர முன்பு எதைப் படித்திருக்க வேண்டும்? வாரத்தில் எத்தனை மணி நேரம் லேப்? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் மாணவர்கள் கையால் சோதனை செய்கிறார்களா, ஆசிரியர் செய்வதைப் பின்வரிசையிலிருந்து எட்டிப் பார்க்கிறார்களா என்பதைப் பொறுத்து ஒரே பாடம் இரண்டு வேறு அனுபவங்களாகிவிடும்.

படி 2: அறிவியலுக்கு முன் கணிதத்தை முடிவு செய்யுங்கள்

நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அறிவியலில் தடுமாறும் பிள்ளைகளில் பலர் உண்மையில் அறிவியலில் தடுமாறுவதில்லை. இயற்பியல் புரியவில்லை என்று வருபவரிடம் கொஞ்சம் பேசினால், விசையும் ஆற்றலும் அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும். சமன்பாட்டில் வேண்டிய எழுத்தைப் பிரித்தெடுக்கத்தான் தெரிந்திருக்காது. அதற்கு இயற்பியலை விடுவது தீர்வு அல்ல. கணிதத்தில் ஒரு மாதம் உட்கார்ந்தால் போதும்.

உங்கள் நிலையைத் தெரிந்துகொள்ள மூன்று கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். முதலாவது: இயக்க ஆற்றல் என்பது நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி, அதில் பாதி. ஆற்றலும் நிறையும் தெரியும் என்றால் வேகத்துக்கான சூத்திரம் எது? இரண்டாவது: திசைவேகத்துக்கும் நேரத்துக்கும் ஒரு வரைபடம் இருக்கிறது. அந்தக் கோட்டின் சாய்வு எதைச் சொல்கிறது, கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு எதைச் சொல்கிறது? மூன்றாவது: 0.00045 என்ற எண்ணைப் பத்தின் அடுக்கில் எழுதுங்கள். (விடை 4.5 × 10⁻⁴. வரைபடக் கேள்விக்கு விடை, சாய்வு முடுக்கம், பரப்பு இடப்பெயர்ச்சி.) மூன்றும் வந்துவிட்டால் எந்த அறிவியல் பாடத்துக்கும் அடித்தளம் இருக்கிறது. வராவிட்டாலும் பயப்பட வேண்டாம். எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது இப்போதே தெரிந்துவிட்டது, வகுப்பு தொடங்கவும் இன்னும் நாள் இருக்கிறது.

அடுத்து, எந்தக் கணிதம்? சில பள்ளிகளில் நுண்கணிதம் ஒரு பாதை, புள்ளியியல் இன்னொரு பாதை. பொறியியல், இயற்பியல் பக்கம் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் நுண்கணிதம் இருக்கும் பாதையை எடுங்கள். உயிரியல், உளவியல், பொதுச் சுகாதாரம் என்று மனம் போனால் புள்ளியியல் உங்களுக்கு அன்றாடக் கருவி. எது என்று தெரியாதவர்களுக்கு என் ஆலோசனை நுண்கணிதம்தான். புள்ளியியலின் அடிப்படையைப் பிறகு கற்றுக்கொள்வது ஒப்பீட்டளவில் சுலபம். விட்டுப்போன நுண்கணிதத்தைக் கல்லூரியின் முதல் வருட வேகத்தில் எட்டிப்பிடிப்பது கடினம்.

படி 3: ஒவ்வொரு பாடத்திலும் உண்மையில் என்ன வேலை என்று பாருங்கள்

புத்தக அட்டையில் அணுவும் செல்லும் விண்மீனும் இருக்கும். அதைப் பார்த்து எடுக்காதீர்கள்.

இயற்பியலில் படிக்க வேண்டிய பக்கங்கள் குறைவு, யோசிக்க வேண்டிய நேரம் அதிகம். ஒரு பந்தை நேராக மேலே எறிகிறோம். உச்சியில் அது ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? பலரும் சுழி என்பார்கள். நின்றது பந்தின் வேகம்தான். புவியீர்ப்பு அப்போதும் அதைக் கீழே இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. முடுக்கம் அதே 9.8 தான், விநாடி வர்க்கத்துக்கு மீட்டர் கணக்கில். இதைக் கேட்டதும் "அது எப்படி?" என்று ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறதா? அப்படியானால் இயற்பியல் உங்களுக்கு ஒத்துவரும். செவ்வாய்க்கிழமை மாலை என்றால் நான்கு கணக்குகள், அதில் ஒன்றில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொள்வது, பிறகு திடீரென்று வழி தெரிவது. அந்த நாற்பது நிமிடத்தைத் தாங்கும் பொறுமைதான் இங்கே தேவை. அதை நினைவாற்றலால் ஈடுகட்ட முடியாது.

வேதியியலில் மூன்று வகை வேலைகள் கலந்து வரும். ஒன்று கணக்கு. 4 கிராம் ஹைட்ரஜனும் 32 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்தால் 36 கிராம் தண்ணீர். இந்த விகிதங்களைப் பிடித்துக்கொண்டுதான் பாதிப் பாடம் நடக்கிறது. இதற்கெல்லாம் அடியில் மோல் என்ற கருத்து இருக்கிறது. ஒரு மோல் என்பது 6.022 × 10²³ துகள்கள், டஜன் என்றால் 12 என்பதுபோல ஓர் எண்ணிக்கை, அவ்வளவுதான். வேதியியலில் பின்தங்கும் மாணவர்களை நான் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இழந்திருக்கிறேன். அதனால் பாடத்தை எடுப்பவர்கள் மோலை முதல் மாதத்திலேயே உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வேலை, ஒழுங்கைக் கண்டுபிடிப்பது. கரிம வேதியியலில் நூற்றுக்கணக்கான வினைகளை மனப்பாடம் செய்ய முயன்றால் தோற்றுப்போவோம். எலக்ட்ரான்கள் எங்கிருந்து எங்கே நகர்கின்றன என்று பார்க்கப் பழகினால் நூறு வினைகள் பத்து வகைகளாகச் சுருங்கும். மூன்றாவது கைவேலை. தரம் பார்த்தலில் (டைட்ரேஷன்) கடைசித் துளிக்காகக் காத்திருந்து, நிறம் மாறும் நொடியில் குழாயை மூடுவது சிலருக்குத் தியானம் மாதிரி, சிலருக்குச் சித்திரவதை. நீங்கள் எந்த வகை என்று ஒரு தடவை செய்து பார்த்தாலே தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சில நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதில் சிரமம் இருப்பது பதின்வயது வரை தெரியாமலே போவதுண்டு. நிறமாற்றத்தை நம்பி நடக்கும் சோதனைகளில் மட்டும் ஒரு பிள்ளை திரும்பத் திரும்பத் தவறு செய்தால், கவனக்குறைவு என்று திட்டுவதற்கு முன் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். அதற்காகப் பாடத்தை விட வேண்டியதில்லை, பி.ஹெச். (அமில, காரத் தன்மை) அளவு காட்டும் மீட்டர் போன்ற மாற்று வழிகள் உண்டு. நவீன அணுக்கொள்கையைத் தந்த ஜான் டால்டனுக்கே இந்தக் குறை இருந்தது. தன் பார்வையைப் பற்றி அவர் 1794-ல் ஓர் ஆய்வுரையே வாசித்திருக்கிறார்.

உயிரியலைப் பற்றிய தவறான எண்ணம்தான் எல்லாவற்றிலும் பெரிது. "கணக்கு வராது, அதனால் உயிரியல்" என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மரபியலைத் தொடங்கிவைத்த மெண்டல் வியன்னா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். அவர் பட்டாணிகளை எண்ணினார்: உருண்டையானவை 5,474, சுருங்கியவை 1,850. விகிதம் 2.96-க்கு 1. மூன்றுக்கு ஒன்று என்ற ஒழுங்கு அந்த எண்களுக்குள் இருந்ததால்தான் மரபுக் கூறுகள் இரட்டையாக வருகின்றன என்று அவரால் ஊகிக்க முடிந்தது. இன்றைய உயிரியல் வினாத்தாளிலும் அட்டவணையைக் கொடுத்து, "இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்?" என்று கேட்கும் வினாக்கள் கணிசமாக வருகின்றன.

வேதியியலும் உயிரியலுக்குள் ஆழமாக ஊடுருவியிருக்கிறது. நரம்பு செல்லின் சவ்வில் உள்ள பம்ப் ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. அயனி என்றால் என்ன என்று தெரியாதவருக்கு இது வெறும் மந்திரம். மனப்பாடம் இல்லையா என்றால், இருக்கிறது, நிறையவே. புதுச் சொற்கள் மலைபோல் வரும். நீளமாக வாசிக்கவும், படம் வரையவும், ஒரு நிகழ்வை முறையாக எழுத்தில் விளக்கவும் பிடித்தவர்கள் இங்கே மலர்ச்சியோடு இருப்பார்கள். உயிரினங்கள் மேல் உண்மையான ஆர்வம் இருந்தால் அந்தச் சொற்கள் சுமையாகத் தெரியாது.

கணினி அறிவியல், சுற்றுச்சூழல் அறிவியல், புவியறிவியல் ஆகியவற்றை "சுலபம், மார்க் வரும்" என்று மட்டும் நினைத்து எடுக்காதீர்கள். பல கல்லூரிகள் இவற்றை இயற்பியலுக்கோ வேதியியலுக்கோ மாற்றாக ஏற்பதில்லை. நான்காவது பாடமாக எடுத்தால் அருமையானவை. நிரல் எழுதப் பழகியவருக்கு அது எந்த அறிவியலிலும் கைகொடுக்கும்.

படி 4: மூன்று படிப்புகளை எடுத்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள்

என்ன ஆகப் போகிறோம் என்று தெரிய வேண்டியதில்லை. பிடிக்கக்கூடும் என்று தோன்றும் மூன்று கல்லூரிப் படிப்புகள் போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கல்லூரிகளின் சேர்க்கை விதிகளை எடுத்து வாசியுங்கள். சொந்தக்காரர் சொன்னது, டியூஷனில் கேட்டது எதுவும் வேண்டாம். கல்லூரியின் விதியை நீங்களே உங்கள் கண்ணால் பாருங்கள். கட்டாயம் கேட்கும் பாடங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படிக் குறித்தால் ஒரு சமமின்மை கண்ணில் படும். பொறியியல் பெரும்பாலும் கணிதமும் இயற்பியலும் கேட்கும். இந்தியாவில் நீட் தேர்வு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் கேள்வி கேட்கிறது. இங்கிலாந்தின் மருத்துவக் கல்லூரிகளில் வேதியியலும் உயிரியலும்தான் அதிகம் கேட்கப்படுபவை. அமெரிக்காவில் மருத்துவம் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகுதான் என்றாலும், அதற்கான எம்கேட் தேர்வில் இந்த மூன்று அறிவியல்களோடு, 2015 முதல் உளவியலும் சமூகவியலும் சேர்ந்திருக்கின்றன. மருந்தியல், விவசாயம், உணவு அறிவியல், பொருளறிவியல் என்று எதை எடுத்தாலும் வேதியியல் எங்கேயாவது நுழைந்துவிடுகிறது. எனவே மனம் இன்னும் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தால், கணிதத்தையும் வேதியியலையும் வைத்துக்கொண்டு மூன்றாவதாக உங்களுக்குப் பிடித்த ஒன்றைச் சேருங்கள். முடிவைத் தள்ளிப்போட இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால், "எல்லாக் கதவும் திறந்திருக்கட்டும்" என்று நான்கு கடினமான பாடங்களையும் ஒன்றாக அள்ளிக்கொள்வதை நான் எளிதில் ஆதரிப்பதில்லை. நான்கிலும் சுமாரான மார்க் வாங்கினால், திறந்திருப்பதாக நினைத்த கதவுகளில் பாதி தானாகவே மூடிக்கொள்ளும். வாரக் கால அட்டவணையை எழுதிப் பாருங்கள். வகுப்பு, லேப், லேப் அறிக்கை எழுதும் நேரம், தூக்கம் எல்லாவற்றையும் போட்டபின் ஒரு மாலையாவது காலியாக இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு பாடம் அதிகம்.

படி 5: வரிசையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால்

சில பள்ளிகளில் எந்த வருடம் எந்த அறிவியல் என்பதை மாணவரே முடிவு செய்யலாம். பழைய வழக்கம் உயிரியல், வேதியியல், இயற்பியல் என்பது. 1988-ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான லியோன் லெடர்மேன் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். இன்றைய உயிரியல் மூலக்கூறுகளின் மேல் நிற்கிறது, மூலக்கூறுகள் அணுக்களின் மேல் நிற்கின்றன, அப்படியிருக்க அணுவை விளக்கும் இயற்பியலைக் கடைசியில் வைப்பது ஏன் என்பது அவர் கேள்வி. எனக்கு அந்த வாதம் பிடிக்கும். ஆனாலும் உங்கள் கணிதம் இன்னும் தயாராகவில்லை என்றால் இயற்பியலை ஒரு வருடம் தள்ளிவைப்பதில் தவறில்லை. உயிரியலை எப்போது எடுத்தாலும் வேதியியலுக்குப் பிறகோ அதோடு சேர்த்தோ எடுத்தால் பாதிச் சிரமம் குறையும்.

படி 6: இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். எனக்கு எல்லாவற்றையும்விட நம்பிக்கை தரும் படி இதுதான்.

அடுத்த வருடப் பாடப்புத்தகங்களைச் சீனியர் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பாடத்திலும் நடுவிலிருந்து ஓர் அத்தியாயம் எடுங்கள். முதல் அத்தியாயம் வேண்டாம், அது எப்போதும் அறிமுகமாக இனிமையாகத்தான் இருக்கும். மூன்று மாலைகள் ஒரு பாடம். முதல் மாலை வாசியுங்கள், இரண்டாவது மாலை பின்பக்கக் கேள்விகளில் ஐந்தைப் போடுங்கள், மூன்றாவது மாலை புத்தகத்தை மூடிவிட்டுப் புரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லுங்கள். எத்தனை விடை சரி என்று எண்ண வேண்டாம், நடுவிலிருந்து தொடங்கினால் தவறத்தான் செய்யும். வேறு இரண்டைக் கவனியுங்கள். தவறு வந்தபோது திரும்ப முயலத் தோன்றியதா? உட்கார்ந்திருந்தபோது மணி எத்தனை தடவை பார்த்தீர்கள்?

ஒரு மாணவி உயிரியல் என்று முடிவோடு வந்து, இந்த ஒத்திகைக்குப் பிறகு வேதியியல் கேள்விகளை மட்டும் ஐந்துக்குப் பதில் பதினைந்து போட்டுக்கொண்டு வந்தாள். "சார், நிறுத்தவே முடியலை" என்றாள். அப்புறம் நான் எதுவும் ஆலோசனை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படி 7: யாரிடம் எதைக் கேட்பது

ஆசிரியரிடம் "நான் இதை எடுக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மார்க்கைப் பார்த்துத்தான் பதில் வரும். "இந்தப் பாடத்தில் என் பலவீனம் எது, அதைச் சரிசெய்ய எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேளுங்கள். சீனியர்களிடம் "பிடிச்சிருக்கா?" என்று கேட்பதைவிட, "போன வாரம் இந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீங்க?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். நண்பர்கள் எடுக்கிறார்கள் என்பதற்காக எடுப்பது மட்டும் வேண்டாம். முதல் பருவத்திலேயே வகுப்பு பிரித்துவிடுவார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பயம் நியாயமானது, பிள்ளையின் எதிர்காலம் சார்ந்தது. அதை "இதை எடு" என்று சொல்லாமல், "நீ குறித்த மூன்று படிப்புகளின் விதிகளையும் சேர்ந்து வாசிப்போம்" என்று தொடங்கிப் பாருங்கள். அதே மேசையில், அதே தாளை வைத்துப் பேசினால் வாக்குவாதம் குறைவாகவே வரும். பிள்ளைகளும் "எனக்குப் பிடிக்கலை" என்று மட்டும் சொல்லாமல், ஒத்திகையில் போட்ட நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்று வாயால் சொல்வதைவிட அந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம்.

படி 8: வகுப்பு தொடங்கியபின் முதல் சில வாரங்கள்

எடுத்த பாடம் முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் கடினமாகத்தான் இருக்கும். புதுச் சொற்கள், புது வேகம். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆனால் மாற்றக் கடைசித் தேதி என்று பள்ளி சொன்னதை நாட்காட்டியில் குறித்து, அதற்குப் பத்து நாள் முன்பு ஒரு மாலை தனியாக உட்காருங்கள். சிரமம் கணிதத்திலா, பாடத்திலா, ஆசிரியரின் வேகத்திலா என்று பிரித்துப் பாருங்கள். கணிதம் என்றால் அதைச் சரிசெய்யுங்கள். வேகம் என்றால் உதவி கேளுங்கள். பாடமே ஒட்டவில்லை, ஒவ்வொரு செவ்வாயும் சுமையாகவே இருக்கிறது என்றால் மாற்றிவிடுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை.

தேதி கடந்துவிட்டதா? பாடத்தை முடியுங்கள், ஆனால் விட்டுப்போன பாடத்தின் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். வெங்கி ராமகிருஷ்ணன் 1976-ல் இயற்பியலில் முனைவர் பட்டம் முடித்தபின்தான் உயிரியல் பக்கம் வந்தார். சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையில் மறுபடியும் மாணவராகவே சேர்ந்து அடிப்படையிலிருந்து படித்தார். செல்லுக்குள் புரதம் உருவாகும் ரிபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் அவருக்குக் கிடைத்த நோபல், வேதியியலுக்கானது. உங்களுக்குத் தேவைப்படுவது அதில் சின்னப் பங்குதான்: விட்டுப்போன பாடத்தில் ஒரு கோடை விடுமுறை, தினம் ஒரு மணி நேரம், மோலிலிருந்தோ வரைபடத்தின் சாய்விலிருந்தோ ஆரம்பித்து.